பதினேழு எழுத்தில் ஒரு கவிதை

நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் வங்காளமும் பேசுகிறார்கள். தமிழில் ஒரு பக்கம் எழுது என்றால் நழுவி விடுவார்கள். மூன்றே வரி என்றால் உட்காருவார்கள். அந்த மூன்று வரிக் கவிதைதான் ஜப்பானியரின் ஹைக்கூ.

அது தமிழுக்கு வந்ததில் நம் கல்கத்தாவுக்கும் பங்குண்டு. ராமானந்த சட்டர்ஜி நடத்திய 'மாடர்ன் ரிவ்யூ'வில் யோனே நொகுச்சி எழுதியதைப் படித்துவிட்டே, 1916-இல் பாரதியார் 'சுதேசமித்திரன்' இதழில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். அதே ஆண்டு ஜப்பான் சென்ற தாகூர், பாஷோவின் தவளைக் கவிதையை வங்காளத்தில் பெயர்த்து 'ஜப்பான் யாத்ரி' நூலில் தந்தார்.

இனி இலக்கணம். மூன்று அடிகள், 5, 7, 5 என மொத்தம் 17 ஒலிகள். ஜப்பானியர் நெடிலை இரண்டாகவும் ஒற்றை ஒன்றாகவும் எண்ணுவர். 'நிப்பொன்' அவர்களுக்கு நான்கு ஒலி. நமக்கு வேறு வழி உண்டு. கட்டளைக் கலித்துறையில் ஒற்றை நீக்கித்தான் எழுத்தெண்ணுவார்கள். நிரையசையில் தொடங்கும் அடிக்கு அங்கேயும் 17 எழுத்துத்தான்! அதுபோல் நாமும் புள்ளி வைத்த எழுத்தை விட்டு எண்ணுவோம். தமிழில் ஹைக்கூ எழுதும் பலர் எண்ணிக்கை பார்ப்பதில்லை. ஆனால் பழகுகிறவருக்கு அளவு வேண்டும். தண்டவாளம் போட்ட பிறகுதானே வண்டி ஓடும்?

முதலில் கண்ணால் கண்டதை உரைநடையில் எழுதுங்கள்: 'லேக் மார்க்கெட்டில் மழை பிடித்துக்கொண்டது. காய்கறிக்காரர் தாம் நனைந்துகொண்டே, வாழையிலையால் கறிவேப்பிலையை மூடினார்.' இப்போது வேண்டாததைக் கழியுங்கள்.

லேக் மார்க்கெட் மழை
வாழையிலைக் குடையில்
கறிவேப்பிலை

எண்ணிப் பாருங்கள்: லே, மா, கெ, ம, ழை – ஐந்து. மற்ற இரண்டு அடிகளையும் பிள்ளைகளே எண்ணட்டும். 'பாவம்', 'அழகு' போன்ற சொற்கள் இதில் இல்லை. நனைகிற மனிதரைக்கூடச் சொல்லவில்லை. படிப்பவர் அவரைத் தாமே காண்பார். எதைக் குடைக்குள் வைத்தோம் என்பதைக் கடைசி அடிவரை மறைத்து வைத்ததையும் கவனியுங்கள்.

ஹைக்கூவில் பருவம் தெரிய வேண்டும் என்பது மரபு. மனிதரையும் வீட்டையும் பாடினால் அதற்கு சென்ரியு என்று பெயர், அளவு அதேதான்.

பாட்டி கடிதம்
எழுத்துக் கூட்டிக் கூட்டி
பேத்தி சிரித்தாள்

பாட்டியின் வேடிக்கை பேத்திக்குப் புரிந்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக. அந்தக் கடிதத்தை யாராவது படித்துச் சொல்லியிருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்காது.

பயிற்சி: இந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு உட்கார்ந்து, அன்று கண்ட ஒன்றை மூன்று அடியில் எழுதுங்கள். எழுத்துப் பிழையைப் பிறகு திருத்தலாம். முதலில் விரல்விட்டு எண்ணட்டும்.