பழைய இசைத்தட்டு வாங்குவோர் கவனத்துக்கு

1985-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டன் தம் பெயரையே தலைப்பாகச் சூட்டி வெளியிட்ட முதல் ஆல்பம், மறு ஆண்டில் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் 14 வாரங்கள் முதலிடம் வகித்து, ஒலிநாடாவும் சேர்த்து அங்கே மட்டும் ஒரு கோடிக்கு மேல் விலைபோன சரக்காகையால், அதன் பழைய இசைத்தட்டை 'கிடைத்தற்கரிய பொக்கிஷம்' என்று விலை கூட்டிச் சொல்லும் வியாபாரியிடம் பேரம் பேசத் தயங்க வேண்டியதில்லை.

உறையின் வசீகரத்தில் மயங்காமல், தட்டை வெளியே எடுத்து, விளிம்பிலும் நடுக் காகிதத்திலும் மட்டும் விரல் படும்படி பிடித்து, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுமாறு மெல்லத் திருப்பிப் பார்த்தால், மேலோட்டமான கீறல் எது, நகம் இடறுகிற ஆழக்கீறல் எது என்பது புலப்பட்டுவிடும். முன்னது பெரும்பாலும் லேசான சலசலப்போடு நின்றுவிடும். பின்னதோ சுற்றுக்கு ஒரு முறை, அதாவது நிமிஷத்துக்கு 33⅓ தரம் சுழலும் தட்டில் ஏறக்குறைய 1.8 விநாடிக்கு ஒரு தரம், 'டக்' என்று அடித்துப் பிராணனை வாங்கும். நடுத்துளையைச் சுற்றி வெளிறிய கோடுகள் மண்டியிருந்தால், வெகுவாக ஓடி உழைத்த தட்டென்று அறியலாம். கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்தால் நெளிவு தெரியும். நெளிந்ததை வாங்காதீர்கள், வீட்டில் நிமிர்த்தும் வைத்தியம் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரே துளி கலந்து, வாங்கி வந்த தட்டை மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால், வரிப்பள்ளங்கள் ஓடும் வட்டத்திலேயே துடைத்து, பின்பு வெறும் நீராலும் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். நடுக் காகிதம் நனையலாகாது. பழைய உள்ளுறையிலேயே திரும்பச் செருகினால் அதன் தூசி மறுபடி ஏறிக்கொள்ளும். ஆகவே புதிய உள்ளுறையில் இட்டு, படுக்கவைத்து அடுக்காமல், நிமிர்த்தி வையுங்கள்.