செக் திரும்பி வந்தால் நாளை எண்ணுங்கள்!



குழுக் கடன் வாங்கி ஸ்கூட்டரோ லோடு ஆட்டோவோ எடுக்கிறோம். சில சமயம் அதை விற்கவும் வேண்டி வருகிறது. வாங்க வருபவர் "பாதிப் பணம் கையில, மீதிக்கு செக்" என்று கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பேங்கில் போட்டால் "கணக்கில் பணம் இல்லை" என்று செக் திரும்பும். குழுத் தவணைத் தேதியோ நெருங்கிவிடும். அப்போது என்ன செய்வது?

நம்மில் பலர் செய்வது, திரும்பத் திரும்ப போன் போடுவதுதான். "அடுத்த வாரம் தர்றேன்க்கா" என்பார். நாமும் நம்புவோம். ஆனால் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் நாட்கள் அந்தப் பேச்சிலேயே கரைந்துவிடும்.

மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 138-இன்படி, கொடுக்க வேண்டிய பணத்துக்குத் தந்த செக் பணமில்லாமல் திரும்பினால் அது குற்றம். 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். இதற்கு மூன்று கெடு உண்டு.

1. செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பேங்கில் போட வேண்டும்.

2. செக் திரும்பியதாக பேங்க் தெரிவித்த 30 நாளுக்குள், பணம் கேட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். செக்கில் உள்ள தொகையை அப்படியே எழுதிக் கேளுங்கள். கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். தபால் ரசீதும் ஒப்புகையும் பத்திரம்.

3. நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட அவருக்கு 15 நாள். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். நம்முடைய பேங்க் கிளை உள்ள பகுதி கோர்ட்டே போதும். அவர் ஊருக்கு அலைய வேண்டாம்.

ஒரு கணக்கு பார்ப்போம். மார்ச் 10-ஆம் தேதி செக் திரும்பியது. 14-ஆம் தேதி நோட்டீஸ் அனுப்புகிறோம். 17-ஆம் தேதி அவர் கையில் கிடைக்கிறது. ஏப்ரல் 1 வரை அவருக்கு நேரம். பணம் வராவிட்டால் ஏப்ரல் 30-க்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும்.

நோட்டீஸ் நாள் தவறிப் போச்சா? செக்கின் 3 மாதம் முடியவில்லை என்றால் மறுபடி பேங்கில் போடலாம். திரும்பினால் புதிதாக 30 நாள் கிடைக்கும். அதுவும் போய்விட்டால், பணத்தை வசூலிக்க 3 ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போடலாம்.

செய்யக் கூடாதவை:

* முழுப் பணம் வரும் முன் அசல் செக்கையோ பேங்க் கொடுத்த மெமோவையோ திருப்பித் தராதீர்கள்.
* ஆள் கூட்டிப் போய் வண்டியை இழுத்து வராதீர்கள். வழக்கு நம் மேல் திரும்பும்.

வண்டி ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா? விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே விற்ற 14 நாளுக்குள் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிப்பது நம் கடமை. இதனால்தான், செக் பாஸாகி பணம் கணக்கில் ஏறிய பிறகே வண்டியையும் ஆர்.சி.யையும் கொடுப்பது நல்லது. விலை, வாங்கிய முன்பணம், செக் நம்பர், தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட தாளும் கையில் இருக்கட்டும்.

"வக்கீலுக்குக் காசு ஏது?" என்று கேட்பீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். 15100 எண்ணிலும் கேட்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேச:

* நம் குழுவில் யாரிடமாவது திரும்பிய செக் இருக்கிறதா?
* பேங்க் தெரிவித்து எத்தனை நாள் ஆயிற்று?

இருந்தால் அந்தத் தேதியை இன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். தனியாகப் போகத் தயங்கும் உறுப்பினரோடு இன்னொருவர் துணைக்குப் போங்கள்.