ஞானப்பல்லும் ஒரு டம்ளர் காபியும்

இந்த வருடம் நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், கன்னம் வீங்கி ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "என்ன சார், நாக்பூருக்கு வந்து நீங்களும் கர்ரா போட ஆரம்பித்துவிட்டீர்களா?" என்று கேட்காதவர் பாக்கியில்லை. ஆளாளுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நான் பல் டாக்டர் அல்ல. டிப்ளமோ படித்துவிட்டு 37 ஆண்டுகள் ரயில் பாதையைக் கட்டிக் காத்தவன். இது பட்டவன் சொல்லும் பாடம்.

ஞானப்பல் என்பது கடைவாயில் கடைசியாக வரும் பல். பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். மராத்தியில் இதை 'அக்கல் தாட்' என்கிறார்கள். அதற்கும் அறிவுப் பல் என்றுதான் பொருள். எனக்கோ அது கீழ்த்தாடையில் சாய்ந்து கிடந்து, பக்கத்துப் பல்லையும் சொத்தையாக்கிவிட்டது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "இளம் வயதில் சீக்கிரம் ஆறும். 63 வயதில் கொஞ்சம் பொறுமை வேண்டும்" என்று சொல்லித்தான் எடுத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் போயிற்று. அன்று முழுவதும் ஆறிய கஞ்சி, மோர் என்று ஒழுங்காகவே இருந்தேன். மறுநாள் விடியற்காலை 5 மணிக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். பில்டரில் முதல் டிகாக்ஷன் இறங்கியிருந்தது. ஆவி பறக்கக் காபி கலந்து, 'சர்ர்' என்று உறிஞ்சிக் குடித்தேன். வாய் சுத்தமாக இருக்க வேண்டுமே என்று உப்புத் தண்ணீரால் பலமாகக் கொப்பளித்தும் துப்பினேன்.

வெள்ளிக்கிழமை இரவு வலி காது வரை ஏறியது. மாத்திரைக்கும் அடங்கவில்லை. மறுநாள் பார்த்த டாக்டர், "டிரை சாக்கெட்" என்றார். குழியைக் கழுவி, கிராம்புத் தைல வாசனையுள்ள மருந்தை வைத்து அடைத்தார். வலி முழுதும் தீர ஒரு வாரம் ஆனது.

குழிக்குள் நடப்பது என்ன?

பல்லை எடுத்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாகிறது. அடியில் உள்ள எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி. புதுச் சதை வளர்வதும் அதன்மேல்தான். அது பெயர்ந்தாலோ கரைந்தாலோ எலும்பு வெளியே தெரியும். வலி உயிரை வாங்கும். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில்தான் இது அதிகம்.

ரயில்வே நண்பர்களுக்கு இது எளிதில் புரியும். ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்ட பாதையில் வண்டியை உடனே முழு வேகத்தில் விடுவோமா? காஷன் ஆர்டர் கொடுத்து முதலில் 20 கிலோமீட்டர், பிறகு 45, பிறகு 75 என்று படிப்படியாகத்தானே வேகத்தைக் கூட்டுகிறோம்? தாடைக்கும் அதே விதிதான்.

குற்றவாளி காபியா?

காபியை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சூடு. சூடு பட்டால் ரத்தக் கசிவு மறுபடி தொடங்கலாம். பல் எடுத்த அன்று உதடும் நாக்கும் சில மணி நேரம் மரத்திருப்பதால், வாய் வெந்தாலும் தெரியாது.

இரண்டாவது, உறிஞ்சுதல். வாய்க்குள் ஏற்படும் இழுவிசை கட்டியைப் பெயர்க்கக்கூடும். ஸ்ட்ரா கூடாது என்பது இதனால்தான்.

மூன்றாவது, காபியிலுள்ள காபின். கட்டியைக் கெடுப்பதில் இதன்மேல் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும். ரத்த அழுத்தத்தைச் சற்று ஏற்றும்.

"உங்கள் விஷயத்தில் வயது, கீழ்ப்பல், கொப்பளித்த வேகம் எல்லாமே சேர்ந்திருக்கலாம். காபியை மட்டும் தூக்கில் போடாதீர்கள்" என்றார் டாக்டர்.

இன்னொன்றையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். தினமும் காபி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். புதன்கிழமை விடிகாலையில் எனக்கு வந்தது பல் வலியே அல்ல, காபி வலி! ஆகவே ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே காபியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

என் காஷன் ஆர்டர்

1. முதல் 24 மணி நேரம்: சூடான எதுவும் வேண்டாம். கொப்பளிப்பதும் துப்புவதும் கூடாது. காபி இல்லாமல் தலைவலி வந்தால், ஆறிய காபி குடிக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

2. இரண்டாம், மூன்றாம் நாள்: நம் டவரா டம்ளருக்கு இங்கேதான் மதிப்பு. நன்றாக ஆற்றி, விரல் பொறுக்கும் வெதுவெதுப்பில், உறிஞ்சாமல் சிறு சிறு வாயாகக் குடியுங்கள். வெறும் வயிற்றில் வலி மாத்திரையும் காபியும் வேண்டாம்.

3. குடித்த பிறகு: வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, தானாக வழிய விடுங்கள்.

4. ஒரு வாரம் கழித்து: வலியும் வீக்கமும் இல்லையென்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு பழைய சூட்டுக்குத் திரும்பலாம்.

சிகரெட்டும் கர்ராவும் முழுமையாக விலக்க வேண்டியவை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. மூன்றாம் நாளுக்குமேல் வலி கூடினாலும், துர்நாற்றம், காய்ச்சல், நிற்காத ரத்தம், விழுங்கச் சிரமம் இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

பொங்கல் விழாவில் எல்லோர் கையிலும் காபி மணக்க, என் கையில் மட்டும் ஆறிய பால். என் மனைவி அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "தண்டவாளத்துக்கு நீங்கள் கொடுத்த மரியாதையில் பாதியை உங்கள் தாடைக்குக் கொடுத்திருக்கலாம்."

ஞானப்பல் போன பிறகு வந்த ஞானம் இது. உங்களுக்குப் பல் போகும் முன்பே வரட்டும்.