பஞ்சர் ஒட்டுதலும் காரணம் ஓர்தலும்

மோட்டார் சைக்கிளிற் செல்வோர்க்கு வழியிடை நேரும் இடையூறுகளுள் மிகப் பொதுவானது டயரிற் காற்று இறங்கிப்போதலாகும். ஊருள் நேரின் பஞ்சர்க் கடை அணித்தே இருக்கும். ஆளரவமற்ற நெடுவழியில், பொழுது சாயும் வேளையில் நேரின், தன் கையே தனக்குதவி. ஒட்டும் முறையைப் பலரும் அறிவர். எனினும், ஒட்டிய சக்கரம் சிறிது தொலைவு செல்வதற்குள் மீண்டும் காற்றிழத்தல் உண்டு. ஒட்டு நன்றாகவே இருக்கும். துளையிட்ட முள்ளோ டயருள் அப்படியே தங்கியிருக்கும். ஆகலின், துளையை அடைத்தல் பாதி வேலையே. அதன் காரணத்தைத் தேடிக் களைதல் மற்றைப் பாதி. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வேலையை வழியிலேயே செய்துகொள்ள இயல்வது தொடக்கம் முதலே வாய்த்ததன்று. காற்றடைத்த டயருக்கு 1845-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பார் காப்புரிமை பெற்றார். ஆயினும் அஃது அக்காலத்து வழக்கில் நிலைபெறவில்லை. பின்னர்ப் பெல்பாஸ்ட் நகரிற் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மைந்தனது மூன்றுசக்கர வண்டிக்கென ஆக்கிய காற்று டயருக்கு 1888-இல் உரிமை பெற்றார். அவருடைய டயர் சக்கரத்தோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தமையின், பஞ்சரானால் அதனைப் பெயர்த்தெடுப்பதே பெரும்பாடாயிற்று. 1891-இல் பிரான்ஸ் நாட்டு மிஷலின் உடன்பிறந்தார் கழற்றி மாட்டத்தக்க டயரை இயற்றினர். அவ்வாண்டிலேயே பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை சென்று மீளும் சைக்கிள் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் என்பார் அத்தகைய டயரோடு சென்று முதல்வராய் வந்தார். இன்று நாம் வழியோரத்தில் அமர்ந்து டயரைக் கழற்றுவது அவ்வமைப்பின் பயனேயாம்.

காற்று இறங்குவதை வண்டியின் அலைவே அறிவிக்கும். அப்பொழுது கைப்பிடியை உறுதியாய்ப் பற்றி, வேகம் தானே தளருமாறு விட்டு, காற்றுள்ள சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடிக்க. காற்றிழந்த சக்கரத்தைத் திடுமென நிறுத்த முயல்வது வண்டியைச் சாய்த்துவிடும். பின்னர்ப் பாதையினின்று நன்கு விலகி, கெட்டியான சமதரையில் நடு ஸ்டாண்டிட்டு நிறுத்துக.

சக்கரத்தைக் கழற்றுமுன் செய்யத்தக்கன இரண்டு. சிறிது காற்றடித்து, வால்வின் வாயில் ஒரு துளி நீர் இடுக. குமிழி எழுமாயின் வால்வின் உள்ளூசி தளர்ந்துள்ளதெனக் கொள்க. அதனை முடுக்கிய அளவில் வேலை முடிந்துவிடலாம். அன்றேல், சக்கரத்தை மெல்லச் சுழற்றி ஆணியோ முள்ளோ தெரிகின்றதா என நோக்கி, கண்ட இடத்திற் குறியிடுக.

பின்சக்கரமாயின், பிரேக்குக் கம்பியையும் இருசின் நட்டையும் தளர்த்தி, செயினை விலக்கிச் சக்கரத்தை வெளியெடுக்க. கழற்றிய வாஷர்களையும் புஷ்களையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணிமேல் வைக்க. வால்வின் நட்டைக் கழற்றி, எஞ்சிய காற்றையும் போக்குக. டயரின் விளிம்பினுள் நீளாத கம்பி வளையம் உண்டு. ரிம்மின் நடுவே பள்ளம் அமைத்திருப்பது இதன் பொருட்டே. வால்வுக்கு எதிர்ப்புறத்து விளிம்பை மிதித்து அப்பள்ளத்துள் இறக்கினால், வால்வின் பக்கத்திற் போதிய தளர்ச்சி கிடைக்கும். அங்கே லீவரை இட்டுச் சிறிது சிறிதாய் நெம்புக. இவ்வமைப்பை அறியாதார் வலிந்து நெம்பி, டியூபில் மற்றொரு துளையும் செய்துகொள்வர்.

இனி, காரணம் ஓர்தல். டியூபிற் காற்றடித்துச் செவியருகே கொணர்ந்தோ நீரில் அமிழ்த்தியோ துளையைக் காண்க. துளை இருக்குமிடமே காரணத்தைக் கூறும். தரையை நோக்கிய புறத்தில் ஒரே துளையாயின் முள்ளோ ஆணியோ காரணமாகும். வால்வினின்று அத்துளை எவ்வளவு தொலைவென அளந்து, டயரிலும் அவ்வளவு தொலைவில், இருபுறமும், தேடுக. இராமநாதபுரம் போன்ற வறண்ட பகுதிகளிற் சீமைக்கருவேல முள் டயருள் முறிந்து, வெளியே தோன்றாது தங்கிவிடும். வெறுங்கையால் தடவாது துணியால் உட்புறம் முழுதும் துடைத்து வருக. துணி மாட்டிக்கொள்ளுமிடத்தில் முள் உண்டு. பாம்பின் பற்குறிபோல் இரு துளைகள் அருகருகே இருப்பின், காற்றுக் குறைந்த டயர் குழியிலோ கல்லிலோ மோதி, டியூப் ரிம்மோடு நசுங்கியதென்க. ரிம்மை நோக்கிய உட்புறத்தில் துளையிருப்பின், ரிம்மின் நாடா விலகி ஸ்போக்குக் கம்பியின் முனை குத்தியிருக்கும். வால்வின் அடியிற் கிழிந்திருப்பின் ஒட்டு நில்லாது. டியூபையே மாற்றுதல் வேண்டும்.

ஒட்டுமிடத்தை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிதாய்ப் பரப்புக. அதன் ஈரம் போய், தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வருங்காறும் பொறுத்திருக்க. பொறுமையின்றி ஈரத்தோடு இட்ட ஒட்டு நிலைபெறாது. பின்னர் நடுவினின்று ஓரம் நோக்கி அழுத்துக.

டியூபிற் சிறிதளவு காற்றடித்து உள்ளே வைத்து, எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வின் பக்கத்தில் முடியுமாறு விளிம்பை ஏற்றுக. வண்டிக் கையேடு குறித்த அளவுக்குக் காற்றடித்து, விளிம்பின் கோடு சுற்றிலும் ஒரே சீராய்த் தெரிகின்றதா எனப் பார்க்க. சக்கரத்தை மாட்டியபின் இருசு முடுக்கப்பட்டதா, செயின் அளவான தளர்ச்சியோடு நேராய் ஓடுகின்றதா, பிரேக்குப் பற்றுகின்றதா என்னும் மூன்றையும் ஏறுமுன் சோதிக்க. பிரேக்குக் கம்பியைப் பூட்ட மறந்து புறப்படுதல் உயிர்க்கே இறுதியாகலாம்.

இக்காலத்து வண்டிகள் பலவற்றில் டியூப் இல்லாத டயரே உண்டு. அதிற் குத்திய ஆணி பெரும்பாலும் தானே துளையை ஒருவாறு அடைத்து நிற்கும். ஆகலின் கருவிகள் கையிலில்லாத பொழுது அதனைப் பிடுங்கற்க. வெளிப்புறமிருந்து ரப்பர்த் திரியைச் செருகுதல் ஊர் சேர்தற்கு உதவும். பக்கச்சுவரிற் கிழிந்த டயருக்கோ அதுவும் ஆகாது.

நோயின் காரணத்தைத் தேராது மருந்திடும் மருத்துவனும், முள்ளைத் தேடாது டியூபை ஒட்டுவோனும் ஒருநிகரே. இருவரும் ஒரே வேலையை இருமுறை செய்ய நேரும். இருட்டும் வேளையில், கையிலுள்ள ஒட்டும் சொல்யூஷனும் தீர்ந்தபின், அவ்விரண்டாம் முறை வழிப்போக்கனுக்கு வாய்ப்பதரிது.