முதலில் என்ன செய்வாய்?

அன்புள்ள கயல்,

திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி தேர்வு எழுதப் போகிறேன் என்று நீ அனுப்பிய செய்தியை மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கும் மகிழ்ச்சி. கூடவே நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் இதை உட்கார்ந்து எழுதத் தோன்றியது. பிஎம்பாக் வழிகாட்டி நூலின் ஆறாம் பதிப்பில் உள்ள 49 செயல்முறைகளையும் கட்டம் போட்டு எழுதி, அறைச் சுவரில் ஒட்டி, நாளுக்குப் பத்தாக மனப்பாடம் செய்கிறாய். அந்தத் தாளைக் கழற்றிவிடு, கண்ணு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் முறை தோற்றேன்.

அப்போது எனக்குக் கட்டட வேலையில் பதினான்கு வருட அனுபவம். அஸ்திவாரம் தோண்டுவதிலிருந்து சாவி ஒப்படைப்பது வரை தனியாக நின்று முடித்திருந்தேன். ஒவ்வொரு கேள்வியையும் படித்ததும், சைட்டில் நான் என்ன செய்வேனோ அதையே விடையாகத் தேர்ந்தெடுத்தேன். தோற்றதற்குக் காரணம் அதுதான் என்று புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வேலை பாதியில் இருக்கிறது. வாடிக்கையாளரின் ஆள் நேராக உன் சைட் இன்ஜினியரிடம் வந்து, அந்த அறையில் இன்னொரு ஜன்னல் வேண்டும் என்கிறார். அரை நாள் வேலைதான், பெரிய செலவில்லை என்கிறார் இன்ஜினியர். நீ முதலில் என்ன செய்வாய்? செய்து கொடுத்துவிடு என்பது ஒரு விடை. முடியாது என்று மறுப்பது இன்னொன்று. ஸ்பான்சரிடம் கொண்டுபோவது மூன்றாவது. அந்த ஜன்னலால் செலவு, நாள், தரம், ஆபத்து ஆகியவற்றில் என்ன மாறும் என்று கணக்கிட்டுவிட்டு, மாற்றக் கோரிக்கையாக முறைப்படி எடுத்துச் செல்வது நான்காவது. சைட்டில் நான் முதல் விடையைத்தான் வாழ்ந்தேன். வாடிக்கையாளர் முகம் கோணக்கூடாது என்று செய்து கொடுத்து, கடைசியில் பில் போடும்போது சண்டை போட்டேன். தேர்வு கேட்பது நான்காவது விடையை.

இதே கோரிக்கையை வேறு இடத்தில் வைத்துப் பார். இரண்டு வாரச் சுற்றான ஸ்ப்ரின்ட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, நடுவில் ஒருவர் புது அம்சம் ஒன்று கேட்கிறார். இங்கே மாற்றக் கோரிக்கைகளை முடிவு செய்யும் குழுவைக் கூட்டினால் தவறு. ப்ராடக்ட் ஓனரிடம் அனுப்ப வேண்டும். அவர் அதை வேலைப் பட்டியலான பேக்லாகில் சேர்த்து, மற்ற வேலைகளோடு ஒப்பிட்டு வரிசையைத் தீர்மானிப்பார். ஆகவே கேள்வியைப் படித்ததும் முதலில் இது எந்த வகை வேலை என்று கண்டுபிடி. முன்கூட்டியே முழுதாகத் திட்டமிடும் வேலையா, சிறு சுற்றுகளாக முன்னேறும் அஜைலா, இரண்டும் கலந்ததா? கேள்விகளில் பெரும் பகுதி அஜைலும் கலப்பு முறையும் சார்ந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் உனக்கு அந்தப் பக்கம் புதிது, அதற்குக் கூடுதல் நாள் ஒதுக்கு.

மனிதர்களைப் பற்றிய கேள்விகளிலும் இதே பாடம்தான். குழுவில் ஒருவர் தொடர்ந்து தாமதமாக முடிக்கிறார். அவருடைய மேலாளருக்குப் போன் போடுவது நம் ஊரில் பலருக்கும் கைவந்த பழக்கம். அவரைத் தனியே உட்கார வைத்து என்ன தடை என்று கேட்பது அதற்கு முந்தைய படி. மேலே கொண்டுபோவதும், ஆளை மாற்றுவதும், அதிகப் பணம் கேட்பதும் பெரும்பாலும் கடைசி வழிகள். காரணத்தை அறிவதற்கு முன் செயலில் இறங்கும் விடை தெரிந்தால் சந்தேகப்படு. யாருடைய உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் இந்த வரிசை மாறும்.

இந்தத் தேர்வை நடத்தும் பிஎம்ஐ 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. பிஎம்பி சான்றிதழ் 1984 முதல் இருக்கிறது. 2021 ஜனவரியில் வந்த பாடத்திட்டம் மனிதர்களுக்கு 42 விழுக்காடும், செயல்முறைக்கு 50 விழுக்காடும், தொழில் சூழலுக்கு 8 விழுக்காடும் ஒதுக்கியது. அதே ஆண்டு வெளிவந்த பிஎம்பாக் ஏழாம் பதிப்பு, நீ சுவரில் ஒட்டியிருக்கும் கட்டங்களை விட்டுவிட்டு 12 கொள்கைகளின் மேல் எழுதப்பட்டது. பாடத்திட்டம் அவ்வப்போது மாறும். நீ எழுதும் நாளில் எது நடப்போ, அந்தத் தேர்வு உள்ளடக்க விவரத்தை பிஎம்ஐ தளத்திலிருந்து இறக்கி, மற்ற நூல்களுக்கு முன் படி. இலவசம்தான், ஆனால் பலர் அதைத் திறப்பதே இல்லை.

சூத்திரங்களுக்குப் பயப்படாதே. பொருள் புரிந்தால் போதும். 10 லட்சம் ரூபாய் வேலை ஒன்று. இன்றைக்குள் 6 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 4 லட்சத்துக்கு மட்டும், செலவானது 5 லட்சம். நான்கை ஐந்தால் வகுத்தால் 0.8. அதாவது போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் எண்பது பைசா வேலைதான் கிடைத்திருக்கிறது. இதே போக்கில் போனால் மொத்தம் பன்னிரண்டரை லட்சம் ஆகும். நான்கை ஆறால் வகுத்தால் காலத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பது தெரியும். இதைக் கற்ற பிறகு என் சைட் கணக்கு நோட்டையே நான் வேறு விதமாக எழுதத் தொடங்கினேன். தேர்வு எனக்குக் கொடுத்தவற்றில் இதைப் பெரிதாக மதிக்கிறேன்.

மாதிரித் தேர்வுகளை எண்ணிக்கைக்காக எழுதாதே. ஒரு நோட்டு வைத்துக்கொள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் நீ ஏன் அந்த விடையைத் தேர்ந்தெடுத்தாய் என்று உன் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுது. சரியான விடையை எழுத வேண்டாம், உன் காரணத்தை எழுது. நாற்பது வரி சேர்ந்ததும் உன் பழக்கங்கள் முகம் காட்டும். என் நோட்டில் பாதிக்குமேல் ஒரே வரிதான் இருந்தது: "விசாரிக்காமல் முடிவெடுத்தேன்." இரண்டாம் முறை தேறியது அந்த நோட்டால்தான். கடைசி மூன்று வாரத்தில் முழுநீளத் தேர்வு குறைந்தது மூன்று உட்கார்ந்து எழுது. நான் எழுதிய வடிவில் 230 நிமிடத்தில் 180 கேள்விகள், ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேல். அறுபது கேள்விக்கு ஒருமுறை பத்து நிமிட இடைவேளை உண்டு. இடைவேளைக்குப் போய்விட்டால் முந்தைய கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் எதையும் வெறுமையாக விடாதே. தேர்ச்சி மதிப்பெண் இவ்வளவு என்று பிஎம்ஐ சொல்வதில்லை. எழுபதா எழுபத்தைந்தா என்று நண்பர்களோடு விவாதிக்கும் நேரத்தில் தூங்கலாம்.

வீட்டிலிருந்தும் எழுதலாம் என்றாலும் தேர்வு மையத்துக்கே போ. வீட்டில் மின்சாரம் போகும், யாராவது கதவைத் தட்டுவார்கள்.

இதெல்லாம் பிறகு. முதலில் செய்ய வேண்டியது விண்ணப்பம், நீ அதைத் தொடவே இல்லை. பட்டதாரிக்கு 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவமும், 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். என் பதவியில் மேனேஜர் என்ற சொல்லே இல்லையே என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல் தேவையில்லை. புது அசெம்ப்ளி லைனை நீ முன்னின்று நிறுவினாயே, அது திட்டம். மாதாமாதம் ஓடும் உற்பத்தி திட்டமாகாது. ஒரே மாதத்தில் இரண்டு வேலை பார்த்திருந்தால் அந்த மாதத்தை ஒருமுறைதான் எண்ணலாம். ஒரு மாதத்தைக்கூடக் கூட்டி எழுதாதே. சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுப்பார்கள், அப்போது உன் மேலதிகாரி கையெழுத்திட்டு உறுதி சொல்ல வேண்டும். தணிக்கை வராவிட்டாலும், நேர்மையைத் தன் நெறிகளில் ஒன்றாக வைத்திருக்கும் தொழிலுக்குள் பொய்யோடு நுழையக்கூடாது.

பெயர் விஷயத்தில் கவனம். நமக்கு இனிஷியல் ஒரு அட்டையில் முன்னாலும், இன்னொன்றில் பின்னாலும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்தும் இருக்கும். தேர்வன்று எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறாயோ, அதில் இருப்பதைப் போலவே எழுத்துக்கு எழுத்து விண்ணப்பத்தில் கொடு.

நீ நடத்திய வேலைகளைத் தொடங்கிய மாதம், முடித்த மாதம், நீ எடுத்த முடிவுகள் என்று ஒரு தாளில் எழுதி, வரும் ஞாயிறு இரவுக்குள் எனக்கு அனுப்பு. திங்கள் காலை பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை