மாத்திரையை நிறுத்தலாமா? – இரத்தக் கொழுப்பைப் பற்றி ஒரு பாடம்



சென்ற பெருநாளன்று தொழுகை முடிந்து முஸாபஹா செய்துகொண்டிருந்தபோது, மலைமேல் காய்கறி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நம்மிடம் நீட்டினார். இரத்தப் பரிசோதனைத் தாள். முன்பு 4.6 இருந்த கெட்ட கொழுப்பு 2.4க்கு வந்திருந்தது. “அல்ஹம்துலில்லாஹ், இறங்கிவிட்டது காக்கா. மாத்திரையை நிறுத்திவிட்டேன்” என்றார். கடனை அடைத்துச் சீட்டைக் கிழித்தவரின் சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. அதே சந்தோஷத்தை நாமும் ஒருமுறை அனுபவித்து, அதற்கு விலையும் கொடுத்தவராதலால், அவரிடம் நின்ற நிலையில் சொல்ல முடியாததை இங்கே விரிவாக எழுதுகிறோம். நாம் வைத்தியரல்ல, கடைக்காரர். டாக்டர்களிடம் கேட்டறிந்ததையும், படித்ததையும், நம் தேகத்தில் பட்டறிந்ததையுமே சொல்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். கொலஸ்ட்ரால் விஷமன்று. நம் சரீரத்தின் ஒவ்வோர் அணுவுக்கும் அது வேண்டும். நாம் தின்னாவிட்டாலும் கல்லீரல் தானே அதை உண்டாக்கிக் கொள்ளும். இரத்தத்தில் உள்ளதில் பெரும்பகுதி அப்படி உண்டானதுதான். தாப்பாவிலிருந்து ரிங்லட் வழியாக நம் லெம்பா பெர்த்தாமுக்கு லாரி ஏறி வருவதை நினைத்துப் பாருங்கள். எல்.டி.எல். என்பது சரக்கு ஏற்றிய லாரி. இரத்தக் குழாய்தான் ரஸ்தா. கல்லீரல் பெரிய கிட்டங்கி. சுற்றித் திரியும் லாரியை உள்ளே இழுத்துச் சரக்கை இறக்கிக்கொள்ள அந்தக் கிட்டங்கியில் வாசல்கள் உண்டு. வாசல்கள் போதிய அளவு திறந்திருந்தால் ரஸ்தா காலியாயிருக்கும். வாசல் குறைந்தால் லாரிகள் ரஸ்தாவிலேயே நின்று, ஓரங்களில் சரக்கு சிந்தி, வருஷக்கணக்கில் மேடு தட்டிவிடும். அந்த மேடு இருதயத்துக்குப் போகும் குழாயில் உடைந்து அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. இந்த வாசல்களைக் கண்டறிந்து விளக்கியதற்காக மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க டாக்டர்கள் இருவருக்கு 1985ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இது நம்மவர்களை அதிகம் தாக்கும் நோய் என்பதும் புதிய செய்தியல்ல. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவுக்கு முதல் தலைவராக வந்த டாக்டர் தனராஜும் அவருடைய தோழர்களும், சிங்கப்பூரில் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து 1959லேயே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருதயக் குழாய் நோய் சீனரைக் காட்டிலும் இந்தியரிடம் பன்மடங்கு அதிகம் என்பதே அதில் கண்ட முடிவு. இன்று எல்லா இனத்தாரிடமும் அது பரவிவிட்டது. 2023ஆம் வருஷத்து தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர் மூவரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம்.

நம் கதைக்கு வருவோம். முதல் பரிசோதனையில் நமக்கு எல்.டி.எல். 6.8. “ஆகாரத்தைக் கட்டுங்கள், பார்க்கலாம்” என்றார் டாக்டர். ஆறு மாதம் கட்டினோம். நெய்ச்சோறு இல்லை, வட்டிலாப்பம் இல்லை, ரொட்டி சானாய் இல்லை. இறைச்சி ஆணத்தில் தேங்காய்ப் பால் ஊற்றுவதை வீட்டில் நிறுத்தினார்கள். விருந்துக்குப் போன இடங்களில் கெட்ட பெயர் வாங்கினோம். ஆறு மாதம் கழித்து எண் 6.2. நூற்றுக்கு ஒன்பதுதான் இறங்கியிருந்தது. டாக்டர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டாரும் நாம் கடையில் மறைவாக ஏதோ தின்கிறோம் என்றே நினைத்தார்கள். சத்தியமாகத் தின்னவில்லை! பத்தியத்தால் எல்.டி.எல். சாதாரணமாக நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து வரைதான் இறங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. பிறவியிலேயே வாசல் குறைந்தவர், வாயை எவ்வளவு கட்டினாலும் அதற்கு மேல் அதிகம் காண்பதற்கில்லை.

அப்படியானால் பத்தியம் வீண்தானே என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். மாத்திரையின் பாரத்தை அது குறைக்கும். சர்க்கரை நோயையும் தொந்தியையும் தடுக்கும். இதில் நாம் பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்படுகிறோம். ஒரு முட்டையைக் கண்டு நடுங்குகிறவர், அதைப் பொரித்த நெய்யைக் கவனிப்பதில்லை. கொழுப்பில் உறையும் வகை என்று ஒன்று உண்டு. கல்லீரலின் வாசல்களை அடைப்பது முக்கியமாக அதுதான். தேங்காய் எண்ணெயில் அது நூற்றுக்கு எண்பதுக்கு மேல், நெய்யில் அறுபதுக்கு மேல், செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி. நாசி லெமாக் சோற்றில் இருப்பது தேங்காய்ப் பால். நாளைக்கு ஐந்து தடவை குடிக்கும் தே தாரிக்கில் ஊற்றும் டின் பாலில் சர்க்கரையோடு பெரும்பாலும் செம்பனைக் கொழுப்பும் சேர்ந்திருக்கும். கடை வியாபாரிகளாகிய நம்மில் பலர் பசியாறுவதே அந்தத் தேநீரும் இரண்டு ரொட்டியும்தான்.

வேடிக்கை என்னவென்றால், பெர்த்தாமில் கோசும் பீன்ஸும் தக்காளியும் விளைந்து நம் கண்ணெதிரே லாரி லாரியாகக் கீழே இறங்குகின்றன. நம் தட்டில் மட்டும் ஏறுவதில்லை. பீன்ஸ், பருப்பு, கடலை, ஓட்ஸ், பார்லி ஆகியவற்றிலுள்ள நார்ச்சத்து குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியேற்றிவிடும். கல்லீரல் புதிதாகப் பித்தம் செய்ய இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கும். மீன் தின்னலாம், பொரித்ததல்ல, குழம்பில் இட்டது. இறைச்சியை ஜும்ஆ அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி மாத்திரை. இதன் பிறப்பு நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு ரஸமான கதை. ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, கொலஸ்ட்ரால் உண்டாவதைத் தடுக்கும் பொருள் பூஞ்சைக் காளானில் இருக்கலாம் என்று எண்ணி, 1971 முதல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கியோத்தோ நகரத்துத் தானியக் கடை ஒன்றில் எடுத்த அரிசியில் இருந்த பூஞ்சையில்தான், 1973ல், அவர் தேடிய பொருள் கிடைத்தது. பூத்துப்போன அரிசி என்று நாம் தூக்கி எறிவதிலிருந்து அல்லாஹ் ஒரு மருந்தை வெளிப்படுத்தினான்! அந்த வம்சத்து மருந்துகளுக்கே ஸ்டாடின் என்று பெயர். அமெரிக்காவில் முதல் ஸ்டாடின் 1987ல் அனுமதி பெற்றது. வட ஐரோப்பாவில் இருதய நோயாளிகள் 4,444 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 1994ல் வந்தது; சிம்வாஸ்டாடின் சாப்பிட்டவர்களிடையே மரணம் நூற்றுக்கு முப்பது குறைந்திருந்தது. எண்டோ அவர்கள் 2024ல் காலமானார்.

ஸ்டாடின் செய்வது என்ன? கிட்டங்கிக்குள்ளேயே நடக்கும் உற்பத்தியைக் குறைக்கிறது. உள்ளே சரக்கு குறைந்ததும் கிட்டங்கி புது வாசல்களைத் திறந்து ரஸ்தாவில் நிற்கும் லாரிகளை இழுக்கிறது. மாத்திரை நின்றால் உற்பத்தி பழையபடி தொடங்கும். புது வாசல்கள் மூடிக்கொள்ளும். நோய் தீர்ந்ததால் எண் இறங்கவில்லை, மாத்திரை வேலை செய்வதால்தான் இறங்கியிருக்கிறது. பெருநாளன்று நண்பர் காட்டிய 2.4 அவருடைய எண்ணல்ல, மாத்திரையின் எண்.

இது தெரியாமல்தான் நாமும் ஏமாந்தோம். அட்டோர்வாஸ்டாடின் 40 மில்லிகிராமில் நமக்கு 3.2க்கு வந்தது. அந்த ரமலானில் நோன்பும் சேர்ந்து உடல் இலேசாயிருக்க, “இனி எதற்கு?” என்று விட்டுவிட்டோம். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது 6.1. மறுபடியும் தொடங்கவும் சோம்பல். ஒரு நாள் அரிசி மூட்டையைத் தள்ளும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தது. ஈப்போவில் குழாயினுள் கம்பிக்கூடு வைத்து அனுப்பினார்கள். மாத்திரையை நிறுத்தியதால்தான் வந்தது என்று சொல்வதற்கில்லை; அடைப்பு பல வருஷங்களாகச் சேர்ந்தது. ஆனால் அதை மேலும் சேரவிட்டது நம் கைதான்.

பிடிவாதமான கொலஸ்ட்ராலில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஸ்டாடினை இரண்டு மடங்காக்கினால் பலனும் இரண்டு மடங்காகாது. ஒவ்வொரு தடவை மடங்காக்கும்போதும் நூற்றுக்கு ஆறுதான் கூடுதலாக இறங்கும். நமக்கு 80க்கு உயர்த்தியும் 3.0 வரைதான் வந்தது. பிறகு எஸெட்டிமைப் என்ற வேறு மாத்திரையைச் சேர்த்தார்கள். அது குடலில் கொலஸ்ட்ரால் ஏறுவதைத் தடுப்பது. இப்போது 2.3. மாரடைப்போ அடைப்போ கண்டவர்களுக்கு 1.4க்குக் கீழ் வேண்டுமாம். இன்னும் பாக்கியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. பாதிக்கு மேல் இறக்கும். விலைதான் கையைக் கடிக்கும். அதற்கு முன் தைராய்டு சுரப்பி மந்தமாயிருக்கிறதா, சிறுநீரகம் சரியா என்றும் பார்த்தார்கள். அவற்றாலும் கொலஸ்ட்ரால் இறங்காமல் நிற்குமாம்.

நோன்பு காலத்துக்கு இதில் சிரமமே இல்லை. நாளைக்கு ஒரு தடவைதான். சிம்வாஸ்டாடின் இரவில் போட வேண்டும். அட்டோர்வாஸ்டாடினையும் ரோசுவாஸ்டாடினையும் இப்தாரிலோ ஸஹரிலோ போடலாம். தசைவலி வந்தால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி மருந்தையோ அளவையோ மாற்றிக்கொள்ளலாம். வலியோடு சிறுநீரும் கறுத்தால் அன்றே போக வேண்டும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு எதிர்பார்ப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடலாகாது. கிரேப்புரூட் பழம் சில ஸ்டாடின்களை இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏற்றிவிடும். பம்ளிமாஸ் அதன் மூதாதை. தம்புனிலிருந்து வாங்கி வரும் நண்பர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சிவப்பு அரிசி மருந்து என்று விற்பதில் இயற்கையான ஸ்டாடினே இருக்கிறது. மாத்திரையோடு அதையும் சேர்த்தால் இரண்டு பங்காகிவிடும். ஹலால் பற்றிக் கேட்கிறார்கள். ஸ்டாடின் சாதாரணமாகக் கூடில்லாத மாத்திரை. மீன் எண்ணெய்க் குப்பிகளின் கூட்டைத்தான் எதனால் செய்தது என்று விசாரித்து வாங்க வேண்டும்.

ஊருக்குப் போய் வருகிறவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைக்கவும். அங்கே மில்லிகிராம், இங்கே மில்லிமோல். இங்கே 5.2 என்றால் அங்கே 200. இங்கத்திய எண்ணை 38.7ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வந்துவிடும். கீழக்கரையில் எடுத்த தாளில் 190 என்று கண்டு “இங்கே 5தானே இருந்தது” என்று மயங்கி விழப்போன ஒருவரை நாம் அறிவோம்.

எல்.டி.எல். 4.9க்கு மேல் போனால், அதாவது ஊர்க் கணக்கில் 190க்கு மேல், அது குடும்பத்தில் வருவதா என்று பார்க்க வேண்டும். உலகில் 250 முதல் 300 பேருக்கு ஒருவருக்கு இந்தப் பிறவிக் குறை இருக்கிறது. மலேசியாவில் இதைவிடக் கூடுதல் என்பது மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணக்கு. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பதும், நாற்பத்தைந்துக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றுவதும் அடையாளங்கள். தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வரக்கூடும். மாமன் மகள், மாமி மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்கிறோம். இருவருக்கும் இக்குறை இருந்து, இரண்டு பக்கமும் ஒரே பிள்ளைக்கு வந்துவிட்டால், அப்பிள்ளைக்குச் சிறுவயதிலேயே மாரடைப்பு வரலாம். சம்பந்தம் பேசுவதைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. இரத்தம் பார்த்துக்கொள்வதற்காக எழுதுகிறோம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குச் சீட்டு ஒரு வெள்ளிதான்.

நம் வாப்பா நாற்பத்தாறாவது வயதில் கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்தபடியே மவுத்தானார்கள். “அஜல் வந்துவிட்டது” என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அன்று அவர்களுடைய இரத்தத்தை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கம்பிக்கூடு வைத்துத் திரும்பியபின் நம் மக்கள் மூவரையும் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். பெண்மக்கள் இருவருக்கும் சரியாயிருந்தது. பதினான்கு வயது மகனுக்கு எல்.டி.எல். 5.4. ஒல்லியான பையன்; பந்து விளையாடுகிறவன்; நெய்யைக் கண்டாலே ஒதுங்குகிறவன். டாக்டர் அவனுக்குச் சிறிய அளவில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்போது இஷா தொழுதுவிட்டு வந்து, வாப்பாவும் மகனுமாக ஒரே தம்ளர் தண்ணீரில் ஆளுக்கொன்று போட்டுக்கொள்கிறோம்.