வண்டிப் பாடம்: பிடித்துக்கொண்ட போல்ட்டும் உப்புத் தண்ணீரும்



குழுக் கடனில் குட்டியானையோ பழைய காரோ வாங்கி ஓட்டும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அமிர்தியிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் ரோட்டில், கத்திரி வெயிலில், சாமையும் புளியும் சுமக்கும் வண்டிக்கு முதல் சோதனை இன்ஜினைக் குளிர வைக்கும் பாகங்களில்தான் வரும். இன்ஜின் கொதித்தால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். வண்டி ஷெட்டில் நிற்கும், தவணை நிற்காது. அதனால் "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று விட்டுவிடாமல் படியுங்கள்.

எப்படி வேலை செய்கிறது?

வாட்டர் பம்ப் தண்ணீரை இன்ஜினைச் சுற்றி ஓட்டுகிறது. சூடான தண்ணீர் ரப்பர் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், காற்றில் ஆறித் திரும்புகிறது. நடுவில் தெர்மோஸ்டாட் என்ற சின்னக் கதவு இருக்கிறது. சுமார் 80 முதல் 90 டிகிரி சூடு வந்ததும் அது திறந்து வழி விடும். மூடியபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும். அதைக் கழற்றப் போனால் போல்ட்டும் ஹோஸும் அசையாது.

ஏன் பிடித்துக்கொள்கிறது?

போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டருக்குள்ளும் படிகிறது. நம்ம பாலாற்றுப் பக்கம் இது இன்னும் அதிகம். தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். பதனிடும்போது அந்த உப்பைக் கழுவிய தண்ணீர் பல வருஷம் ஆற்றிலும் நிலத்திலும் கலந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் இந்தக் கழிவைப் பற்றித்தான். குடிக்க ஆகாத உப்புத் தண்ணீர் இன்ஜினுக்கும் ஆகாது. அது அலுமினியத்தை அரித்துப் பொடி பூக்க வைக்கும். அந்தப் பொடியும் துருவும் போல்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

கழற்றும் முறை

1. முதலில் இன்ஜின் முழுசா ஆறணும். குக்கர் விசில் அடங்காமல் மூடியைத் திறப்போமா? ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

2. பழைய தண்ணீரைக் கேனில் பிடியுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். குழந்தை, ஆடு, நாய் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.

3. ஹோஸை இழுக்கக் கூடாது. கிளிப்பைத் தளர்த்தி, இடமும் வலமுமாகத் திருகுங்கள். வெந்நீர் ஊற்றினால் ரப்பர் இளகும். அப்படியும் வராவிட்டால் ஹோஸை நீளவாக்கில் அறுத்து எடுக்கலாம். புது ஹோஸ் விலை குறைவு, உடைந்த ரேடியேட்டர் விலை அதிகம். கத்தி அடியில் உள்ள குழாயில் படக் கூடாது.

4. போல்ட்டைச் சுற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஸ்பிரே அடியுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். சரியான அளவு ரிங் ஸ்பேனர் போட்டு, முதலில் துளி இறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. ஸ்பிரே அடித்த இடத்தில் நெருப்புக் காட்டக் கூடாது.

5. ஸ்பேனரில் பைப் மாட்டி மல்லுக்கட்ட வேண்டாம். போல்ட் உள்ளேயே முறிந்தால் துளை போட்டுத்தான் எடுக்கணும். ஒரு நாள் வேலை ஒரு வாரம் ஆகும்.

6. போல்ட் வந்தும் மூடிப் பகுதி ஒட்டிக்கொண்டிருந்தால், ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் கீறல் விழுந்து ஒழுகும்.

திரும்ப மாட்டும்போது

தெர்மோஸ்டாட்டைச் சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக் காய்ச்சிப் பாருங்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் திறக்கணும், ஆறினால் மூடணும். இல்லையென்றால் புதுசு மாற்றுங்கள். கேஸ்கெட்டும் புதுசு போடுங்கள். வண்டிக்கு உரிய கூலன்டை டிஸ்டில்டு வாட்டரில், டப்பாவில் சொன்ன அளவுப்படி கலந்து ஊற்றுங்கள். கலந்தே வரும் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். கூலன்ட் கொதிப்பை மட்டுமல்ல, துருவையும் தடுக்கும்.

வழியில் கொதித்தால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்துங்கள். ஆறும் வரை பொறுங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழலாம்.

மெக்கானிக்கிடம் விட்டாலும், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எது மாறியது, எவ்வளவு ஆனது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். குழுக் கணக்கு நோட்டுப் போலவே வண்டிக்கும் ஒரு நோட்டு வேண்டும்.

கூட்டத்தில் பேசுங்கள்

* நம் குழுவில் யார் யார் வண்டிக்கு போர் தண்ணீர் ஊற்றுகிறோம்?
* கூலன்ட் கடைசியாக மாற்றிய தேதி எழுதி வைத்திருக்கிறோமா?
* வண்டிப் பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு ஒதுக்கலாம்?